வேற ஒண்ணும் இல்ல டாக்டர்

தாம்பரம் மார்க்கெட்டில் தனசிங்கிடம் பேரம் பேசி ஜெயித்தேன் என்று யாராவது சொன்னால், அப்படி நினைக்கவைத்து அவர் அனுப்பியிருக்கிறார் என்று அர்த்தம். சண்முகம் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் அவருடைய மேட்சிங் சென்டர். அகலம் குறைவு, உள்ளே போகப்போக நீளம். இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் தட்டுகள், தட்டு நிறைய ப்ளவுஸ் துணி. புடவையோடு வரும் பெண்களுக்குப் பொருத்தமான துணியைத் தேடி எடுத்து, வெட்டி, லைனிங்கையும் ஃபால்ஸையும் சேர்த்துத் தலையில் கட்டி அனுப்புவது தொழில்.

வாய் தனசிங்குடையது. கண் அவர் மனைவி ரத்தினபாயுடையது. ட்யூப் லைட் வெளிச்சத்தை அவள் நம்பமாட்டாள். புடவையை வாசலுக்கு எடுத்துப்போய், தெரு வெளிச்சத்தில் முந்தானையை ஒருமுறை திருப்பிப் பார்ப்பாள். உள்ளே வந்து கையை நீட்டினால் அந்தத் துணிதான் வரும். வெங்காயத்தோல் கலரிலேயே காய்ந்த தோல், ஈரத்தோல் என்று அவளுக்கு வகை உண்டு. அவள் எடுத்த துணியைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் இல்லை.

அந்தக் கடையில் தனசிங்கின் அப்பா வைத்துவிட்டுப் போன சட்டம் ஒன்று இருந்தது. ஒருவர் வாயிலிருந்து விலை வந்துவிட்டால், வாடிக்கையாளர் முன்னால் இன்னொருவர் அதைத் தொடக்கூடாது. தப்பான விலையாக இருந்தாலும் சரி, கடை ஒரே நாக்கில்தான் பேச வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரு அம்மாளுக்கு இரக்கப்பட்டு ரத்தினபாய் நடுவில் புகுந்து குறைத்துச் சொல்லிவிட்டாள். அன்று முழுக்க மாமனார் அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. அப்புறம் அவள் அந்தத் தப்பைச் செய்ததே இல்லை.

அவளுக்கு அரிப்பு எப்போது தொடங்கியது என்று தனசிங்குக்குத் தெரியாது. துணி அளக்கும்போதே மீட்டர் கட்டையின் விளிம்பில் உள்ளங்கையைத் தேய்ப்பாள். நின்றபடியே ஒரு பாதத்தை ஸ்டூல் காலில் உரசுவாள். மேலுக்கு ஒன்றும் இருக்காது. தடிப்பில்லை, புள்ளியில்லை, சொறிந்த கோடுகள் மட்டும்தான். "புதுத்துணிக் கஞ்சி ஒத்துக்கலை. கையை நல்லா கழுவு," என்றார் தனசிங். அவள் கழுவினாள். சோப்பு மாற்றினாள். வேப்பிலை அரைத்துப் பூசினாள். தோல் டாக்டர் கொடுத்த களிம்பும் தீர்ந்தது, அரிப்பு தீரவில்லை.

ஒரு நாள், ரிட்டயரான ஹெட்மிஸ்ட்ரஸ் ஒருவர், பழைய வாடிக்கை, புடவையை அவள் கையில் கொடுக்காமல் பிளாஸ்டிக் கவரோடு மேஜையில் வைத்தார். "என்ன சிஸ்டர், ஸ்கின் ப்ராப்ளமா? பார்த்துக்குங்க," என்று அக்கறையாகத்தான் சொன்னார். அந்த வாரமே ரத்தினபாய் பின்பக்கம் துணி மடிக்கப் போனாள். அங்கிருந்து சிட்லபாக்கம் வீட்டுக்கே போய்விட்டாள். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு ரத்தினம், உடம்பைப் பாரு," என்று தனசிங் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றும் அவருக்குத் தெரியும். எந்தச் சரக்கில் எங்கே கறை என்று தெரியாமலா கறைப்பக்கம் உள்ளே போகும்படி மடித்து அடுக்குகிறார்கள்? கவுண்டருக்கு அஞ்சலி என்ற பெண் வந்தாள். சுறுசுறுப்புதான். ஆனால் அவளுக்குச் சிவப்பு என்றால் எல்லாச் சிவப்பும் ஒரே சிவப்பு.

அப்புறம்தான் சோர்வு, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று போய், கல்லீரலுக்குள் இருக்கும் பித்தக்குழாய்கள் மெல்ல மெல்லக் கெடுகிற நோய் என்று பெயர் வைத்தார்கள். தனசிங் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. கேட்ட மாத்திரை, கேட்ட டெஸ்ட், எல்லாம் செய்தார். குடிக்கிற வீட்டில்தான் லிவர் கெடும் என்று சர்ச் சபையில் பேசுவார்களே என்று அங்கே மட்டும் அல்சர் என்று சொல்லிவைத்தார். டாக்டரிடம் பேசுவதும் அவர்தான். அதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது: கேட்டதற்கு மட்டும் பதில். நாமாக ஒன்றைச் சொன்னால் அவர்களாக ஒன்பதை எழுதுவார்கள். லிவர் என்று ஒரு பெரிய விஷயம் மேஜைமேல் இருக்கும்போது அரிப்பு மாதிரிச் சில்லறைகளைக் கொண்டுபோய்ப் பேச்சைக் கெடுக்கக்கூடாது. ஒவ்வொரு தடவையும் பெரிய டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டியபடி, "வேற ஏதாவது தொந்தரவு?" என்பார்.

"வேற ஒண்ணும் இல்ல டாக்டர்," என்பார் தனசிங். பக்கத்தில் ரத்தினபாய் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அந்த நவம்பரில் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஏரிப்பக்கத்துத் தெருக்களில் கணுக்கால் அளவு தண்ணீர். டாக்டரிடம் போக வேண்டிய நாள் காலையில், தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு மீன்காரி செல்வம்மாள் கேட்டுக்கு வெளியே கூடையை இறக்கினாள்.

"இன்னாக்கா, சங்கரா கீது, நெத்திலி கீது. அண்ணனுக்கு இன்னா வைக்கட்டும்?"

"நெத்திலி போடு. அவருக்கு மட்டும்தான், கொஞ்சமா போடு."

"இன்னமும் நீ துண்றதில்லியா?"

"அரிப்பு செல்வம்மா. கவிச்சி ஆகாது."

"ஊரே துண்ணுது, ஊருக்கா அரிக்குது? நானு மீன் கூடையிலயே பொறந்து வளந்தவ. என்னை கொசு கடிச்சாத்தான் அரிக்குது."

உள்ளேயிருந்து பேப்பர் படித்துக்கொண்டே தனசிங் குரல் கொடுத்தார். "உன் வியாபாரத்துக்கு நீ அப்படித்தான் சொல்லுவே."

"ஆமா, நீ கடையில துணி துவைச்சா சாயம் போவும்னு சொல்லித்தான் விக்கிறியா? போ அண்ணா." அவள் நெத்திலியை அள்ளிப் போட்டு, மேலே ஒரு கை கொசுறும் போட்டாள்.

ரத்தினபாய் நெத்திலியைக் கிள்ளிக் கழுவி, தேங்காயும் மாங்காயும் அரைத்துவிட்டு அவியல் வைத்தாள். அந்த வீட்டில் மீன் பைத்தியம் அவள்தான். தனசிங் அவளிடமிருந்து பழகியவர். இப்போது அவர் தட்டில் நெத்திலி. அவள் தட்டில் ரசம் சாதம், சுட்ட அப்பளம். ருசி பார்க்காமலே அவள் வைத்த அவியலில் உப்பு சரியாக இருந்தது. அதையும் அவர் பாராட்டிச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் அன்று பெரிய டாக்டர் இல்லை, வெளியூர். அவருக்குப் பதிலாக தீபலட்சுமி என்று ஒரு டாக்டர். தலையில் ஈரம் காயாமல், மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். ரிப்போர்ட்டைப் படித்தார்.

"போன தடவைக்கு இப்ப பரவாயில்ல. மாத்திரை வேலை செய்யுது."

தனசிங் முகம் மலர்ந்தது. சாதகமாக முடிந்த பேச்சை நீட்டக்கூடாது என்று நாற்காலியைவிட்டு அரை அங்குலம் எழுந்தார்.

"அரிப்பு இருக்காம்மா?" என்றார் டாக்டர்.

"வேற ஒண்ணும் இல்ல டாக்டர்."

"நான் அவங்களைக் கேட்டேன் சார்."

ரத்தினபாய் கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வை டாக்டருக்குப் புரிந்திருக்காது. கடையில் விலை சொன்னபின் அவள் அவரைப் பார்க்கும் பார்வை அது. தனசிங்குக்குப் புரிந்தது. அவசரமாக, "லேசா இருக்கும் டாக்டர். கொஞ்சம் ட்ரை ஸ்கின்," என்றார்.

"அம்மா, பூஜ்யத்துலேர்ந்து பத்து வரைக்கும் ஒரு நம்பர் சொல்லுங்க. பூஜ்யம்னா அரிப்பே இல்ல. பத்துன்னா இதுக்கு மேல தாங்கவே முடியாது. நேத்துலேர்ந்து இன்னிக்குள்ள, ரொம்ப மோசமா இருந்த நேரத்துல எத்தனை இருக்கும்?"

நம்பர் என்றதும் தனசிங்கின் நாக்கு தானாக எழுந்துகொண்டது. "ஒரு ரெண்டு போட்டுக்குங்க டாக்டர்."

"உங்களுக்கா சார் அரிக்குது?"

"இல்ல... மூணு வெச்சுக்கலாம். மிஞ்சிப்போனா நாலு."

"இது ஏலம் இல்ல சார்." டாக்டர் சிரிக்காமல் சொல்லிவிட்டு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். "நீங்க சொல்லுங்கம்மா."

"அவருதான் சொல்லிட்டாரே."

"அவர் சொன்னது அங்கயே இருக்கட்டும்."

வெளியே டோக்கன் நம்பர் கூப்பிடும் சத்தம் கேட்டது. ரத்தினபாய் முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"எட்டு," என்றாள்.

"எட்டா?" என்றார் தனசிங்.

"பத்துதான் டாக்டர். இவரு ரெண்டுல ஆரம்பிச்சப்புறம் நான் பத்துன்னா இவருக்கு அசிங்கமாப் போயிடும். அதான் கொறைச்சேன்."

தனசிங்குக்கு அந்த அறையின் ஏசி திடீரென்று நின்றுவிட்டதுபோல் இருந்தது. நாள் பூராவும் விலை குறைப்பவர்களைப் பார்க்கிறவர் அவர். தன் முகத்துக்காக ஒருத்தி தன் வேதனையில் தள்ளுபடி கொடுத்து அவர் பார்த்ததில்லை.

டாக்டர் அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "ராத்திரியில அதிகமா? கையிலயும் உள்ளங்கால்லயும்?"

"ஆமா டாக்டர். தோலுக்கு மேல அரிச்சாத்தான் சொறிஞ்சா அடங்குமே. இது உள்ள. கை எட்டாத இடம். தூக்கமே கிடையாது. பாத்ரூம் தரையில தண்ணி ஊத்திட்டு வெறும் காலோட நின்னுட்டிருப்பேன். முடியாதப்போ, பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் இருக்கில்ல, அதை வெச்சு உள்ளங்காலைத் தேய்ப்பேன். ரத்தம் வந்துட்டா எரியும். எரிச்சல் பரவாயில்ல டாக்டர், எரிச்சல்ல தூங்கிடலாம்."

தனசிங் தரையைப் பார்த்தார். வீட்டில் கம்பி நார் வாங்கிப்போட்டுக் கட்டுப்படியாகவில்லை என்று போன மாதம்தான் கேட்டிருந்தார், இதையென்ன தின்கிறாயா என்று. அவள் அதற்குச் சிரித்திருந்தாள். அவள் படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டதும் அவர் சொல்லித்தான். சொல்லி என்றால் நேராக இல்லை. நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் காலையில், "தூக்கமே இல்ல, கடையில கண்ணைச் சுத்துது," என்று பொதுவாகச் சொன்னார். அவ்வளவுதான். ஆளைப் பார்த்து எந்த வார்த்தையை எங்கே வைப்பது என்பது அவருக்குக் கைவந்த கலை.

"இது தோல் நோய் இல்லம்மா," என்றார் டாக்டர். "பித்தநீர் சரியா ஓடாததால வர்றது. மேல ஒண்ணும் தெரியாது. அதனால யாரும் நம்பமாட்டாங்க. ரிப்போர்ட் நல்லா வந்தாலும் அரிப்பு அப்படியே இருக்கலாம். ரெண்டும் ஒண்ணா ஏறி இறங்காது."

"அப்ப துணிக் கஞ்சி?" என்றார் தனசிங்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"மீன் டாக்டர்?" என்றாள் ரத்தினபாய்.

"மீன் என்னம்மா பண்ணுச்சு பாவம்? தாராளமா சாப்பிடுங்க."

அவள் தலையசைத்தாள். தனசிங் வாயில் காலையில் சாப்பிட்ட மாங்காய்ப் புளிப்பு திரும்பி வந்தது. பழியை எங்காவது இறக்கி வைக்க வேண்டும்போல் இருந்தது. "பெரிய டாக்டர் ஒரு தடவைகூட அரிக்குதான்னு கேட்கலையே மேடம்."

"கேட்டிருக்கணும். நாங்களும் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு ஆளை விட்டுடறோம், அது எங்க தப்பு. ஆனா வேற ஏதாவது தொந்தரவான்னு கேட்டிருப்பாரே?"



டாக்டர் ஒரு பவுடர் எழுதினார். தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும், மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் போடாமல் இடைவெளி விட வேண்டும். உடனே கேட்காது, கொஞ்ச வாரம் ஆகும். இது கேட்காவிட்டால் வேறு மருந்துகள் இருக்கின்றன, வந்து சொல்ல வேண்டும். "நீங்க சொல்லணும்," என்று அவளைப் பார்த்து இரண்டாவது தடவையும் சொன்னார்.

வெளியே மழை வலுத்துவிட்டது. ஆட்டோ கிடைக்காமல் ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே நின்றார்கள். ஜிஎஸ்டி ரோட்டில் பஸ்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின. தனசிங் இரண்டு டீ சொன்னார்.

"எனக்கு வேணாம்."

"சூடா இருக்கும், குடி ரத்தினம்."

"சூடா குடிச்சா அரிப்பு ஏறும். நான் டீயை விட்டு எவ்ளோ நாளாச்சு."

தினமும் காலையில் அவர் கையில் டீயைக் கொடுப்பவள் அவள். அவள் கையில் டம்ளர் இருக்கிறதா என்று அவர் பார்த்ததில்லை. ஒரு டீயை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மற்றதையும் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன். கஞ்சின்னீங்க. மறுபடி சொன்னேன், சோப்பை மாத்துன்னீங்க. அப்புறம் ஒரு நாள் சொன்னேன், டிவி சத்தத்தைக் கூட்டுனீங்க."

"டாக்டர்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்கதான் இல்லன்னு சொல்லிட்டீங்களே. அதுக்கப்புறம் நான் ஆமான்னா, அவங்க முன்னால உங்களைப் பொய்யராக்குன மாதிரி. நம்ம கடையில என்ன பழக்கம்?"

"அது கடை ரத்தினம்."

"எனக்கென்ன வித்தியாசம்? ரெண்டு இடத்துலயும் நீங்கதான் பேசறீங்க. ரெண்டு இடத்துலயும் நான் பக்கத்துல நிக்கறேன்." குரல் ஏறவில்லை. ஃபால்ஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல்தான் சொன்னாள். "சபையில சாட்சி சொல்ற நேரத்துல எழுந்து, எனக்காக ஜெபிங்கன்னு கேட்டுடலாமான்னுகூடப் பார்த்தேன். அங்க அல்சர்னு சொல்லி வெச்சிருக்கீங்க. அல்சர்ல யாருக்காவது உள்ளங்கால் அரிக்குமா?"

டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். வேறு நாளாக இருந்தால் தனசிங், மெதுவா பேசு என்று கண்ணைக் காட்டியிருப்பார்.

பவுடர் ஆரம்பித்த பிறகு அரிப்பு ஓடிவிடவில்லை. ஆனால் சில நாட்களில் அவள் விடியும்வரை தூங்கினாள். கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடித்தபோது ஒரு காலையில் தனசிங் செருப்பை மாட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"அஞ்சலி நேத்து அரக்குக்கு மிளகாய்ப்பழச் சிவப்பை வெட்டிக் குடுத்துட்டா. திருப்பிக் கொண்டாந்து சண்டை. சீசன்ல இப்படி ஆனா எப்படி?"

"கடைக்கு ஆள் வேணுமா, நான் வேணுமா?"

அவர் செருப்பு வாரைச் சரிசெய்தார். சரியாகத்தான் இருந்தது. "நீ வா ரத்தினம்," என்றார்.

அவள் வந்தாள். அஞ்சலி, "அக்கா, வா வா, இந்தப் பச்சைங்களோட என்னால முடியல. பேஜாராகீது," என்று பாதித் தட்டுகளை அவள் பக்கம் தள்ளிவிட்டாள். முற்பகலில் ஒரு அம்மாள் மகளோடு வந்தார். மயில்கழுத்துப் பட்டு. ரத்தினபாய் அதை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, கீழ்த்தட்டிலிருந்து ஒரு துணியை உருவி முந்தானைமேல் போட்டாள். புடவையோடு சேர்த்தே நெய்த துணிபோல் கிடந்தது. "சூப்பர்மா," என்றாள் மகள். அம்மாள் துணியைப் பார்க்கவில்லை. ரத்தினபாயின் முழங்கையில் ஆறிக்கொண்டிருந்த கீறல்களைப் பார்த்தார்.

"கையில என்ன அது? சொறியா?"

தனசிங்கின் நாக்கில் பதில்கள் வரிசையாக வந்து நின்றன. வெயில், பூனை, சமையலில் எண்ணெய். ஒன்றையும் அவர் எடுக்கவில்லை.

"லிவர்ல கோளாறும்மா," என்றாள் ரத்தினபாய். "அதனால உடம்பு அரிக்கும். யாருக்கும் ஒட்டாது. மருந்து சாப்பிட்டுட்டிருக்கேன். ஒரு மீட்டர் போதுமா, கை நீளமா வைக்கப்போறீங்களா?"

அந்த அம்மாள் பட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சார், நீங்களே வெட்டிக் குடுத்துடுங்களேன்."

கத்தரி தனசிங் பக்கத்தில்தான் கிடந்தது. எடுத்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி மேஜைமேல் வைத்தார். "வெட்டறது அவங்கதான்மா."

"அப்ப இருக்கட்டும். அப்புறமா வரோம்." மகள் முகம் சிவந்து, துணியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

"அண்ணா, பக்கத்துக் கடைக்குப் போறாங்கோ. கூப்புடட்டா?" என்றாள் அஞ்சலி.

"வேணாம்."

ரத்தினபாய் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அதில் நன்றி எதுவும் இல்லை. "ரோஷமெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா வந்த அன்னிக்கு இது எங்க போயிருந்துச்சு?"

அவர் விரித்த துணியை மடிக்க ஆரம்பித்தார். முனையோடு முனை சேரவில்லை. உதறிவிட்டு மறுபடி மடித்தார், அப்போதும் கோணியது. அவள் அதை அவர் கையிலிருந்து வாங்கி, இழை பார்த்து நீவி மடித்து, வந்த தட்டிலேயே வைத்தாள். பிறகு மேஜை விளிம்பில் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே, படியேறி வந்த அடுத்த பெண்ணிடம், "வாங்கம்மா, என்ன புடவை?" என்றாள்.

என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்க அவருக்கு வாய்வரை வந்தது. கேட்டால், அஞ்சலி நிற்கிறாள், வாடிக்கை நிற்கிறது, அவள் ஆமாம் என்றுதான் சொல்வாள். அவர் முகம் கோணாதபடி, எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொண்டு சொல்வாள். தனசிங் கேட்கவில்லை. அவள் வாசல் வெளிச்சத்துக்குப் புடவையை எடுத்துப்போக, வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.